அரண்மனைத் தாம்பாளத்தில் அடித்த வெள்ள மணி

முன்னொரு காலத்தில், ரொம்ப முன்னால் இல்லை, ஆளாளுக்குச் செல்போன் வந்த பிறகுதான், நீலியாற்று நாட்டை அடலேறு வர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன். ஆனால் முதலில் யார் சத்தமாகப் பேசினாலும் அது அவனுக்குச் சரியென்று பட்டுவிடும்.

போன மழையில் சொல்லாமல் கொள்ளாமல் அணை திறந்து, ஆற்றங்கரையில் ஏழு பேர் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். அதனால் அணை திறக்குமுன் மணியடிக்க ஒரு செயலி செய்யச் சொல்லி மந்திரி தில்லைநாயகியிடம் உத்தரவிட்டான். மழைக்கு இருபதே நாள். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டில் ஒன்றுக்குச் செய்யத்தான் நேரமிருந்தது.

“ஐபோனுக்கே செய்யணும் மகாராஜா! நானே எண்ணிப் பார்த்துட்டேன்,” என்று முந்திக்கொண்டார் சபைப் பிரபுக்களில் ஒருவரான கனகசபாபதி. மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

சபைக்கு வருகிறவர்கள் செல்போனை வாசலில் ஒரு தாம்பாளத்தில் வைத்துவிட்டு வருவது வழக்கம். மனிதர் எண்ணியது அந்தத் தாம்பாளத்தை! நாற்பத்திரண்டில் நாற்பது ஐபோன்.

“பலே! அப்படியே ஆகட்டும்,” என்றான் ராஜா.

மந்திரி வாதாடவில்லை. “வெறும் மணியை மட்டும் முதலில் ஐபோன்களில் ஏற்றிச் சோதிக்கிறேன், மகாராஜா.”

மறுநாள் சபை நடுவே நாற்பது போனும் ஒன்றாய் அலறின. தாம்பாளம் கிடுகிடுத்தது. பிரபுக்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். மந்திரி ராஜாவை உப்பரிகைக்கு அழைத்துப்போய்க் கீழே காட்டினாள். ஆற்றில் பெண்கள் நிதானமாகத் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தலைகூட நிமிரவில்லை.

“இந்த மலைமேல அரண்மனையில இருக்கிற நாற்பது பேரும் பிழைச்சுட்டாங்க, மகாராஜா. ஆனா தண்ணி வர்றது அதோ, கீழே கரையிலதான். அங்கே நான் வீடு வீடாப் பார்த்தேன். எல்லார் கையிலயும் ஆண்ட்ராய்டு.”

ராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஆண்ட்ராய்டுக்கே செய்யுங்க. கனகசபாபதி, நீர் கரைக்குப் போய் ஒவ்வொரு போனிலும் அதை ஏத்திட்டு வாரும்!”

இருபதாம் நாள். மீன் விற்கும் ஒச்சம்மாவின் குடிசையில், கண்ணாடி கீறிய அவள் போனைப் புரட்டி, “இதெல்லாம் ஒரு போனா?” என்று முனகியபடி செயலியை ஏற்றி முடித்தார் கனகசபாபதி. உடனே அது அலறியது. அவருடைய ஐபோன் மடியில் சும்மா கிடந்தது.

“ஐயா, மேட்டுக்கு ஓடுங்க!” என்று ஒச்சம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது குடிசை இல்லை. ஆனால் கரையில் இருந்த அத்தனை பேரும் மேட்டில் நின்றார்கள்.

மறுநாள் ஒச்சம்மாவைச் சபைக்கு அவரே கூட்டிவந்தார். காவலாளி தாம்பாளத்தை நீட்ட, “அந்தப் போன் உள்ளே வரட்டும்,” என்றான் ராஜா. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

கனகசபாபதி மந்திரியைக் கும்பிட்டார். “அம்மா, உங்களை விழத்தட்டப் பார்த்தவன் நான். இன்னைக்கு உங்களாலதான் மூச்சு விடுறேன்.” கீறல் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவருக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கையைவிட்டு இறக்க மனசே இல்லை.

ஒச்சம்மா சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“குடுங்கய்யா. மழை இன்னும் விடலை.”