தண்டபூபதிக்குக் கிடைத்த மாளிகை

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அரண்மனையின் புது மண்டபத்து உச்சியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ‘கிறீச்... டக்.’ பல் போன கிழவர் யாரோ கற்கண்டைக் கடித்துப் பார்ப்பது போல. மண்டபத்தில் ஈ, காக்கை இல்லை. கைக்குழந்தையோடு வாசலில் நின்ற ராணி பொற்கலை அண்ணாந்து பார்த்தாள்.

இது ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மணிமுத்தாபுரியை வச்சிரவாகு மகாராஜா ஆண்டபோது நடந்தது. ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். காலையில் ஒன்று தோன்றும், மத்தியானம் அது கட்டளையாகும், சாயங்காலம் ஏன் சொன்னோம் என்பதே மறந்துபோகும். பக்கத்து ராஜா வீட்டில் வெள்ளித் தொட்டிலாம் என்று காதில் விழுந்ததும், “என் மகனுக்குக் கல் தொட்டில்! கல் சங்கிலி! நடுவில் தூணே இல்லாமல் சுவருக்குச் சுவர் ஒரே கல் உத்தரம்!” என்று குதித்தார்.

“ஆகட்டும் மகாராஜா!” என்றான் தண்டபூபதி.

அரண்மனைக் கட்டட வேலைகளுக்கெல்லாம் இவன்தான் தலைமை. உளியைத் தொட்டதில்லை. ‘ஆகட்டும்’ என்று சொல்லியே கையில் தங்கக் காப்பு ஏறியிருந்தது. மந்திரி ஆதனாரின் ஆசனத்தின் மேலும் ஒரு கண். அதே கல்லில் முழ உயரத்துக்கு ஒரு மாதிரி செய்து, குட்டித் தொட்டிலில் பொம்மையைப் போட்டுச் சபை நடுவே ஆட்டிக் காட்டினான். விழவில்லை. “மாதிரி நின்றால் மண்டபம் நின்றதாகவே அர்த்தம்” என்று மார்தட்டினான். சபை கைதட்டியது. தொட்டிலிடும் நாளன்று ஏழடுக்கு மாளிகை பரிசு என்றார் ராஜா. அப்புறம் என்ன? மாதிரியை எல்லாப் பக்கமும் இருபது மடங்கு பெருக்கித் தூக்கி வைத்துவிட்டான்.

நாளைக்குத் தொட்டிலிட வேண்டும். பொற்கலை ராஜாவிடம் ஓடினாள்.

“சத்தமா? கல் கொட்டாவி விட்டிருக்கும், தேவி!”

“பிரபு, நாளைக்கு என் பிள்ளை அதற்கடியில் படுக்கப்போகிறான். ஒரு தடவை மூட்டையைப் போட்டு ஆட்டிப் பார்க்கக் கூடாதா?”

“என் கல்லைச் சோதிப்பது என்னைச் சோதிப்பது. அதைச் சோதிக்கிறேன் என்று எவன் வந்தாலும் தலை போகும்!”

அவள் ஆதனாரைக் கூப்பிட்டனுப்பினாள். வந்தவர் மண்டபத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மறுபடியும் ‘டக்’.

“மந்திரியாரே, எனக்குப் பயமாக இருக்கிறது. அவரோ கல்லைத் தொட்டால் தலை போகும் என்கிறார்.”

“கல்லைத் தொட்டால்தானே, தாயே? தண்டபூபதியைத் தொட்டால் ஒன்றும் போகாதே.”

விடிந்தது. புது மண்டபத்தில் சபை நிரம்பி வழிந்தது. பொற்கலை குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆதனார் எழுந்தார்.

“அரசே, தொட்டிலிடும் முன் தண்டபூபதியின் பரிசைக் கொடுத்துவிடலாம். மாளிகை தயார்.”

தாம்பாளத்தில் வந்தது மாளிகை. முழ உயரம், ஏழடுக்கு, சன்னல்கள், லாயத்தில் மண்குதிரைகூட உண்டு.

“என்ன இது?” என்றான் தண்டபூபதி.

“உம்முடைய மாளிகை. இன்றே குடும்பத்தோடு குடிபோகலாம். பழைய வீட்டைக் காலி செய்ய வண்டி நிற்கிறது.”

“என்ன ஐயா, கிண்டலா? இதில் என் கால் கட்டைவிரல் நுழையுமா?”

“உள்ளே ஒரு பொம்மை சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது பாரும். பொம்மை இருந்தால் நீர் இருந்ததாகவே அர்த்தம்.”

“மாதிரி வேறு, மாளிகை வேறு! சின்னதில் நடந்ததெல்லாம் பெரியதிலும் நடக்கும் என்று எந்த மடையன் சொன்னான்?”

சபையில் யாரோ இருமினார்கள். ராஜா மெதுவாகத் திரும்பினார். “எந்த மடையன், தண்டபூபதி?”

தண்டபூபதி தாம்பாளத்தை மெல்லத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தான்.

“ஆனால் ஆதனாரே, அதே கல், அதே உருவம். பின்னே என்ன வித்தியாசம்?” என்றார் ராஜா.

“அணில் பனையுச்சியிலிருந்து விழுந்தாலும் உதறிக்கொண்டு ஓடும். யானை வரப்பில் சறுக்கினாலே கால் முறியும், அரசே. கல்லை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்கு. தாங்கும் பலமோ நாலே மடங்கு. நம்மவர் இருபது மடங்கு பெருக்கியிருக்கிறார். குட்டி உத்தரம் பொம்மையைச் சுமந்தது. பெரியது தன்னைச் சுமக்கவே முனகுகிறது. ராணியார் கேட்டது அதைத்தான்.”

“பொறாமை! எல்லாம் பொறாமை!” என்று அலறினான் தண்டபூபதி.

ராஜா பொற்கலையைப் பார்த்தார். அவள் கண் உத்தரத்தை விட்டு அகலவில்லை. “மணல் மூட்டையைத் தொட்டிலில் வையுங்கள்” என்றார். “எல்லோரும் வெளியே. வாசலிலிருந்து கயிறு கட்டி ஆட்டுங்கள்.”

கல் தொட்டில் போயிற்று, வந்தது. மறுபடி போயிற்று. திரும்பி வரவில்லை. உத்தரம் நடுவில் பிளந்து, சங்கிலியும் தொட்டிலுமாகத் தரையில் இறங்கியது. புழுதி அடங்கியபோது மூட்டை இருந்த இடத்தில் கிழிந்த சாக்குத்தான் தெரிந்தது. பொற்கலை தன் மகனின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ராஜா தம் முத்து மாலையை ஆதனார் கழுத்தில் போட்டார். தண்டபூபதியின் காப்பைக் கழற்றச் சொன்னார். “இனி நீ எதைக் கட்டினாலும், முதல் பாரம் ஏறும்போது அதற்கடியில் பாய் விரித்துப் படு!” அன்று முதல் அவன் கோழிக்கூண்டைத் தவிர எதுவும் கட்டவில்லை. அதையும் தள்ளி நின்றுதான் பார்த்தானாம்.

பொற்கலை தன் அறைக்குப் போனாள். தேக்கு விட்டத்தில் பழைய நூல் சேலையைக் கட்டினாள். முதலில் அதில் தானே ஏறி உட்கார்ந்து, கால் தரையில் படாமல் ஆடினாள். தோழியையும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆடினாள். விட்டம் மூச்சுக் காட்டவில்லை. அதற்கப்புறம்தான் பிள்ளையைப் படுக்கவைத்தாள்.

வெளியே துள்ளலான காலடிச் சத்தம். “தேவி! புது யோசனை! கண்ணாடியில் ஒரு தொட்டில் செய்தால்...”

பொற்கலை எழுந்துபோய், கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.