இரண்டாயிரம் கதவும் ஒரே சாவியும்

கடலோர மணலில் ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. இரண்டாயிரம் மரங்கள். எல்லாமே ஒரே ஆண் மரத்தின் குச்சிகளை வெட்டி வளர்த்தவை. அதனால் உயரம், பருமன், பெருமை எல்லாம் ஒன்றுபோல. வேலியோரத்தில் ஒரு பெண் மரம் மட்டும் காற்றில் வந்த விதையில் தானாக முளைத்தது. இடுப்பு வளைந்து நிற்கும். தோப்புக்காரர் தணிகாசலம் அதில் ஆணி அடித்துச் சாப்பாட்டுத் தூக்கை மாட்டுவார். மற்ற மரங்கள் அவளைக் கோணச்சி என்றன.

அவளுக்கு அடுத்து நின்றவன் நெட்டையன். அம்பு மாதிரி நேரானவன். கல்யாணப் பந்தலில் காலாக நிற்க வேண்டும் என்பது அவனுக்கு ஒரே கனவு.

அந்த வருஷம் கருந்தூள் வந்தது. பூஞ்சைதான். மரப்பட்டைக்குள் புகுந்து கொப்புளமாக வீங்கும், வெடித்துக் கரியாகக் கொட்டும், நின்ற நிலையில் மரம் காயும். முந்நூறு மரம் போய்விட்டது. நெட்டையனுக்கு நிலைகொள்ளவில்லை. காற்றே இல்லாதபோதும் உஸ் உஸ்ஸென்று இரைந்தான்.

"எங்க வரிசைக்கு எப்ப வருவ?" என்று கருந்தூளைக் கேட்டே விட்டான்.

"வந்துக்கிட்டேதான் இருக்கேன். முதல் வீட்டைத் திறக்கத்தான் கஷ்டம். மத்ததெல்லாம் அதே பூட்டு, அதே சாவி."

"நான் வேற மாதிரி."

"முந்நூறு பேரும் அதையேதான் சொன்னாங்க" என்றது கருந்தூள்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தஸ்லிமா வந்தாள். நெட்டையனிடமும் இன்னும் சில மரங்களிடமும் தழை பறித்தாள். போகிற போக்கில் கோணச்சியிடமும் ஒரு கொத்து. எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கினாள்.

"இதுக்குள்ள இருக்கிற மரபணுவை எழுத்து எழுத்தா வாசிப்போம் ஐயா. நோயைத் தடுக்கிற வரி எதுகிட்ட இருக்குன்னு பார்க்கணும். மூணு வாரம் பொறுங்க. நல்லா இருக்கிற மரத்தை வெட்டிடாதீங்க" என்றாள் தணிகாசலத்திடம்.

மூன்று வாரத்தை நெட்டையனால் பொறுக்க முடியவில்லை. கருந்தூள் இரண்டு மரம் தள்ளி வந்துவிட்டது.

"உனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?" என்று கோணச்சியிடம் பாய்ந்தான்.

"தெரியல. ஆணி ஓட்டை வழியா நாலு தடவை வந்துச்சு. நோண்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு."

"அப்ப நீதான் அதை வீட்டுல வெச்சு வளர்க்கிற. உன்னை வெட்டினாத்தான் நாங்க பிழைப்போம்."

தோப்பு முழுக்க அதையே இரைந்தது. தணிகாசலத்துக்கும் புத்தி அப்படித்தான் போயிற்று. "சுத்தி எல்லாம் காயுது, இது மட்டும் பச்சைப் பசேல்னு நிக்குதே. நோயே இங்கிருந்துதான் கிளம்புது" என்றார். தூக்கை ஆணியிலிருந்து எடுத்து மணலில் வைத்துவிட்டுக் கோடாலியை ஓங்கினார்.

நெட்டையன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டாம் வெட்டோடு சத்தம் நின்றது. முந்நூறு மரம் வெட்டியவர் தணிகாசலம். ஒவ்வொன்றிலும் பட்டைக்கு அடியில் கரி பார்த்தவர். இதில் கரியே இல்லை. உள்ளே வெளேரென்று இருந்தது. கோடாலியைப் போட்டுவிட்டுத் தஸ்லிமாவுக்குப் போன் போட்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் ஐயா. நேரா நிக்கிறது எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. அந்த வரி அதுங்ககிட்ட இல்ல. அந்தக் கோணல் மரத்துக்கிட்டதான் இருக்கு."

தணிகாசலம் செம்மண்ணையும் சாணியையும் குழைத்து வெட்டுவாயில் அப்பினார்.

கண்ணைத் திறந்த நெட்டையனின் பட்டையில் ஒரு கொப்புளம் இருந்தது.

மறுநாள் தஸ்லிமா வந்தாள். கோணல் மரத்தின் பூவோடு சேர்க்க, நேராக வளரும் ஆண் மரத்தின் மகரந்தம் அவளுக்கு வேண்டும். பூத்து நின்றவன் நெட்டையன்தான். ஒரு காகிதப் பையை அவன் கிளையில் கட்டினாள்.

"வெட்டச் சொன்னது நான்தான்" என்றான் நெட்டையன். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"கேட்டுச்சு" என்றாள் கோணச்சி. பிறகு அந்தக் காகிதப் பையைப் பார்த்து, "பொறக்கிறது என்னை மாதிரி கோணலாப் பொறந்துட்டா?" என்றாள்.

நெட்டையனின் பட்டை வெடித்துக் கரி கொட்டத் தொடங்கியிருந்தது.

"கோணலாவே பொறக்கட்டும்" என்றான். "பூட்டு வேறயா இருந்தா போதும்."