கூப்பிட்ட குரல்

நகரத்து மிருகக்காட்சிசாலையில் தேவசகாயம் குரல் கொடுத்து வராத ஜீவன் கிடையாது. இருபது வருஷம் யானைக் கொட்டடியில் இருந்தவர். சிங்கம்கூட அவர் குரலுக்குத் தலையைத் தூக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷனைப் பிணந்தின்னும் பாறுக் கழுகுகளிடம் மாற்றிவிட்டார்கள். அழிந்துகொண்டே வரும் இனம் அது. தாய் சீந்தாமல் விட்ட முட்டையில் ஒரு குஞ்சு பொரிந்திருந்தது. அதை வளர்த்துக் காட்டில் விட வேண்டும்.

அங்கே அவருக்குக் குரு ஜொகரா. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள்.

சாக்குத் துணி அங்கி ஒன்றையும், கழுகுத் தலை போல் தைத்த கையுறையையும் அவள் நீட்டினாள்.

“முகம் தெரியக் கூடாது. கறியை இந்தக் கையுறையாலதான் ஊட்டணும். மூச்! ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

மூன்றாம் நாளே அவருக்குத் தாங்கவில்லை. “ராஜா, வாயத் திறடா” என்று கொஞ்சிவிட்டார். ஜொகரா அவரை வெளியே இழுத்து வந்தாள்.

“ஒரு வார்த்தை பேசினா என்ன குடிமுழுகிப் போயிடும், வாத்தியாரம்மா?”

அவள் அவரைக் கடைசிக் கூண்டுக்குக் கூட்டிப்போய், “சுல்தான்” என்று கூப்பிட்டாள். பெரிய கழுகொன்று தத்தித் தத்தி வந்து கம்பியில் அலகை உரசியது. பக்கத்துக் கழுகுகளை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“நான் பேசிப் பேசி வளர்த்தது. காட்டுல விட்டோம். மறுநாளே டீக்கடை வாசல்ல வந்து நின்னுச்சு. இனி இதுக்குக் கூண்டுதான்.”

அதன்பின் மூன்று வருஷம் தேவசகாயம் குஞ்சின் கூண்டில் வாய் திறக்கவில்லை. ஊமைச்சாமி என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டுமே!

மலைக்காட்டில் கூண்டுக் கதவைத் திறந்த நாளில் வானத்தில் காட்டுப் பாறுகள் வட்டமிட்டன. வளர்ந்த குஞ்சோ வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாயிற்று. புதர் மறைவிலிருந்து தேவசகாயம் எட்டி எட்டிப் பார்த்தார். ஐயோ, எல்லாம் வீண்தானா?

“இப்பக் கூப்பிடுங்கண்ணே” என்றாள் ஜொகரா.

“நானா? பேசவே கூடாதுன்னு...”

“எழுந்து நின்னு, வாய்விட்டுக் கூப்பிடுங்க.”

அடக்கி வைத்த ஆசையெல்லாம் சேர்த்துக் கத்தினார். “ராஜா! வாடா என் ராஜா!”

பறவை வெடுக்கென்று திரும்பியது. முதல்முறையாக மனித முகத்தைக் கண்டது. அவ்வளவுதான், இறக்கையை விரித்து எழும்பிவிட்டது! கூட்டத்தோடு கலந்தபின் எது ராஜா என்றே தெரியவில்லை. கூட வந்தவர்கள் எல்லாரும் கத்திக் குதித்தார்கள்.

தேவசகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் குரலைக் கேட்டுப் பயந்து ஓடுறானே, வாத்தியாரம்மா!”

ஜொகரா அழுதுகொண்டே சிரித்தாள்.

“உங்க குரலுக்கு வந்தது எத்தனையோ அண்ணே. போய்ப் பொழைச்சது இது ஒண்ணுதான்.”