சினைமீனுக்கு ஒரு மரக்கால் அரிசி

அலைவாய்ப்பட்டினத்து ராஜா தாராள மனசுக்காரர். அந்தத் தாராளம்தான் கடலைக் காலி செய்தது.

"கடலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு கட்டுமரத்துக்கும் தினம் ஒரு மரக்கால் அரிசி" என்று உத்தரவு போட்டிருந்தார். யோசனை மந்திரி தில்லைவிடங்கருடையது. அதற்கு முன்பெல்லாம் மீன் சினைபிடிக்கும் மாதங்களில் கரையூர்க்காரர்கள் கட்டுமரங்களை மணலில் ஏற்றிவிட்டு வலை பின்னுவார்கள். இப்போது மணலில் கிடந்த கட்டுமரத்துக்கு அரிசி இல்லை. எல்லாரும் போனார்கள். மீன் மலையாகக் குவிந்தது. மிஞ்சியது கருவாடாகிப் பக்கத்துத் தீவில் அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கவே, அங்குள்ள மீனவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. தீவு ராஜா துறைமுகத்தை மூடிவிட்டார். அப்புறம் மீனே இல்லை.

ராஜாவின் இலையில் ஒரு வாரமாகக் கத்தரிக்காய்க் குழம்பு.

"கரையூர்க்காரர்கள் மீனை எங்கேயோ ஒளித்து விற்கிறார்கள்" என்று ராஜா அந்த ஊர்த் தலைவன் கடம்பனைச் சிறையில் போட்டார். நாளைக்குள் மீன் வராவிட்டால் கசையடி.

"இரண்டு மரக்காலாக்குவோம் மகாராஜா. மீன் தானாக வரும்" என்றார் மந்திரி.

சபையில் ராஜாவைச் சிரிக்கவைப்பது கூத்தபிரானின் வேலை. கடம்பன் திருடமாட்டான் என்று அவருக்குத் தெரியும். தப்பு யாருடையது என்று வாயைத் திறந்தால் சிறையில் பக்கத்து அறை தனக்கு என்பதும் தெரியும்.

விடிந்ததும் அரண்மனைக் குளத்தில் சலசலவென்று சத்தம். ராஜா ஓடிவந்து பார்த்தார். கூத்தபிரான் ஒரு கட்டுமரத்தில் நின்றுகொண்டு, ராணி பொரி போட்டு வளர்க்கும் கெண்டைகளை வலைபோட்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஓய், உமக்குப் பைத்தியமா? வயிறு நிறையச் சினை இருக்கிறது. இப்போது பிடித்தால் அடுத்த வருஷம் குளத்தில் என்ன இருக்கும்? தண்ணீரில் விடும்."

கூத்தபிரான் வலையை அவிழ்த்துவிட்டுக் கரையேறினார். மடியிலிருந்து ஒரு பையை எடுத்து விரித்துப் பிடித்தார்.

"என்ன இது?"

"போய்த் திரும்பிவிட்டேன் மகாராஜா. என் அரிசி."

ராஜாவின் முகம் சிவந்தது. "என் குளத்தைக் காலி செய்ய நானே உமக்கு அரிசி அளக்கவேண்டுமா?"

"கடலுக்கு அளக்கிறீர்களே என்று கேட்டேன்."

ராஜா குளத்தைத் திரும்பிப் பார்த்தார். உடனே கடம்பனை விடுவிக்கச் சொன்னார். அன்றைக்கே சபையில் உத்தரவு மாறியது: சினைக்காலத்தில் கடலுக்குப் போகாமல் இருப்பவர்களுக்கே அரிசி.

மந்திரி அவசரமாக எழுந்தார். "மகாராஜா, நானும் கடலுக்குப் போவதில்லை."

சபை ராஜாவின் முகத்தைப் பார்த்தது. கூத்தபிரான் பவ்யமாகக் கைகட்டிக்கொண்டார்.

"இவருக்கும் கொடுங்கள் மகாராஜா. யோசனை சொல்லாமல் இருந்தால் இரண்டு மரக்காலாகவே கொடுங்கள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மந்திரிக்கு அன்றே இரண்டு மரக்கால் அரிசி அளக்கப்பட்டது.