அல்லியங்கோதையின் நாலாவது பாம்பு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மந்திரவாதிகள் பட்டப்பகலில் வீதியில் நடமாடிய நாளில், மருதங்கோட்டை நாட்டில் அல்லியங்கோதை என்றொரு பெண் இருந்தாள். அவள் புருஷன் வேலப்பன் தோணி ஓட்டுகிறவன். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் போல மூன்று சாரைப்பாம்புகள் வளர்ந்தன.

குணத்தில் மூன்றும் மூன்று மாதிரி. பதுங்கிக்குக் கூச்சம், ஆளைக் கண்டால் பானைக்குள் போய்விடும். சீறிக்குக் கோபம்; வாலைத் தொட்டாலே சீறும். ஒட்டிக்கு எல்லோரும் சொந்தம். யார் வந்தாலும் காலைச் சுற்றிக்கொள்ளும்.

ஒருநாள் கபாலன் என்ற மந்திரவாதி வந்து, மந்திர மை காய்ச்சப் பாம்புகளைக் கேட்டான். வேலப்பன் தரமாட்டேன் என்றான். மந்திரவாதி கோலைத் தட்டினான்; வேலப்பன் பாம்பானான். மறுபடி தட்டினான், நாலு பாம்பும் அச்சு அசலாக ஒன்றுபோல் ஆயின. மூன்றாம் முறை தட்டினான். நாலும் ஒரு கூடைக்குள் கலந்து கிடந்தன.

"உன் புருஷனை எடுத்து மடியில் வை. சரியாக எடுத்தால் என் மந்திரமெல்லாம் அழியும். தப்பாக எடுத்தால் நாலும் எனக்கு" என்றான்.

அவள் கூடையைச் சாய்த்து, பக்கத்தில் ஒரு பானையை வைத்தாள். ஒன்று அதற்குள் ஓடியது. அது பதுங்கி. இன்னொன்றின் வாலைத் தொட்டாள், சீறியது. அது சீறி. மிச்சம் இரண்டும் ஊர்ந்து வந்து அவள் பாதத்தில் தலை வைத்தன.

எது ஒட்டி, எது வேலப்பன்? அவள் கண் நிறைந்துவிட்டது. கொஞ்சம் யோசித்து, மந்திரவாதியைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னாள். அவன் சிரித்தபடி வந்தான். ஒரு பாம்பு சந்தோஷமாகப் போய் அவன் காலைச் சுற்றிக்கொண்டது. மற்றது அசையாமல் அவள் பாதத்தோடு ஒண்டியது.

"ஒட்டிக்கு நீங்களும் சொந்தம்தான். இவருக்கு நீங்கள் யாரென்று தெரியும்" என்று சொல்லி, ஒண்டியதைத் தூக்கி மடியில் வைத்தாள்.

மறுகணம் வேலப்பன் அவள் மடியிலிருந்து உருண்டு விழுந்தான். பாம்புகளுக்குப் பழைய நிறம் திரும்பியது. கோல் சாம்பலாய் உதிர்ந்தது. காலை விடாத ஒட்டியை அவளே பிரித்தெடுத்த பிறகுதான் கபாலனால் ஓட முடிந்தது. அப்புறம் அவன் அந்த நாட்டுப்பக்கமே வரவில்லை.

கூடைக்குள் எப்படி இருந்தது என்று வேலப்பனைக் கேட்டாள்.

"நடுங்கிப்போனேன். சீறிதான் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தது" என்றான்.

அன்று முதல் வீட்டில் முதல் முட்டை சீறிக்குத்தான். வாலை மட்டும் யாரும் தொடுவதில்லை. அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நம் வீட்டிலும் எரியட்டும்.