பூட்டில்லாத கடிதம்

சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் இப்போதே இல்லை. முதலில் கொஞ்சம் ஏங்கிவிட்டு வாருங்கள்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி. கடலில் இருப்பவர்களுக்கு வீட்டார் கடிதம் எழுத அதன் வலைத்தளம்தான் ஒரே வழி. திறந்தாலே பிரவுசர், ‘இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல, எழுதுவதைப் பிறர் படிக்கலாம்’ என்று எச்சரிக்கும். கப்பலில் இருக்கும் தன் புருஷனுக்கு ஜெசிந்தா மனசில் உள்ளதையெல்லாம் தட்டுவாள். எச்சரிக்கையைப் பார்த்ததும் அழித்துவிட்டு, ‘நலம்’ என்று மட்டும் அனுப்புவாள்.

மேனேஜர் குணபாலனிடம் போய், “வேற யாரும் படிக்க முடியாதபடி, பூட்டு போட்ட இணைப்புக்கு மாத்துங்க சார்” என்றாள்.

“எவம்மா படிக்கப் போறான்? படிச்சுக் காட்டு, அன்னிக்கே மாத்துறேன்!” என்று உறுமினார். அவர் மனைவியும் கடலில்தான், கப்பலில் நர்ஸ். குணபாலனும் ஆபீஸில் உட்கார்ந்து அவளுக்கு அதே தளத்தில்தான் எழுதுவார்.

ஜெசிந்தா கம்ப்யூட்டர் படித்தவள். லேப்டாப்போடு வந்து பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆபீஸ் வைஃபையில் பூட்டில்லாமல் போனதெல்லாம் அதில் வந்து விழுந்தது.

அடுத்த வாரம், ஆபீஸில் காத்திருந்த பெண்கள் முன்னால் மேனேஜருக்கு வாசித்துக் காட்டினாள்: “ஒரு புருஷன் எழுதினது சார். ‘தங்கமே, சோறு இறங்கல.’”

“இவனெல்லாம் ஆம்பளையா!” மேனேஜர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“‘ஆபீஸ்ல புலியா உறுமுறேன். வீட்டுக்கு வந்தா, நீ உள்ளே இருக்கிற மாதிரி, உன் செருப்பை எடுத்து வாசல்ல வைக்கிறேன்...’”

சிரிப்பு பாதியில் நின்றது.

“போதும்மா” என்றார் மெதுவாக. “கீழே இருக்கிற பேரை மட்டும் வாசிச்சுடாதே.”