படிகாரம் கட்டிய இடம்

முன்னொரு நாளில் கோவைப் பக்கம் ஒரு காரின் பானெட்டுக்கு அடியில் ஒரு கூட்டுக் குடும்பம் குடியிருந்தது. வீட்டுக்கு மூத்தவள் பேட்டரி. விடிந்ததும் முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்பிவிடுவது அவள் வேலை. அதற்காக அவளை யாரும் ஒருநாளும் பாராட்டியதில்லை. எழுப்பத் தாமதமானால் மட்டும் எல்லோருக்கும் அவள் பெயர் ஞாபகம் வந்துவிடும்.

அந்த வீட்டுக்குப் புது மாப்பிள்ளையாக டர்போ வந்தார். காரின் சொந்தக்காரர் பூபதி சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து அவரை உள்ளே அழைத்தார். இருந்த காற்றைப் போல இரண்டு பங்கு காற்றை எஞ்சினுக்கு ஊதித் தள்ளும் மாப்பிள்ளை அல்லவா? ஊர்க்கண் சும்மா இருக்குமா? கறுப்புக் கயிற்றில் முட்டை அளவு படிகாரக் கல் ஒன்றைக் கட்டி உள்ளேயே தொங்கவிட்டார் பூபதி. கட்ட இடம் தேடியபோது கைக்குத் தோதாக அகப்பட்டவன் எஞ்சினின் காற்றுவழியில் செருகியிருந்த ஒரு ரப்பர் ஹோஸ். விரல் தடிமன்கூட இல்லாத பயல்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனி. எஞ்சின் லேசில் எழுந்திருக்கவில்லை. எழுந்தாலும் நின்ற இடத்தில் குளிர்ஜுரம் கண்டவனாய் நடுங்கினான். ஸ்பார்க் பிளக் நாலு பேரையும் வீட்டை விட்டு அனுப்பினார்கள். புதிதாக வந்த நாலு பேரும் சேர்ந்து நடுங்கினார்கள்.

"உங்களுக்குச் சத்து இல்லீன்னு வெளிய பேச்சு அடிபடுதுக்கா" என்றான் ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரியிடம்.

"எப்படிடா இருக்கும்? ஒரு திருப்புல எழுந்தவனை இப்ப பத்துத் தடவை உலுக்க வேண்டியிருக்கு. உலுக்கறவளுக்குச் சத்து எங்கிருந்து மிஞ்சும்?"

பக்கத்தில் ஹோஸ் முனகினான். "கல்லு இழுக்குதுக்கா. என் வாய் பாதி கழண்டு தொங்குது. அந்தச் சந்துல கண்ட காத்தும் உள்ள போகுது. பெட்ரோலு மட்டும் அளந்து வந்து என்ன பண்ண? எஞ்சின் அண்ணன் நடுங்காம வேறென்ன செய்வாரு?"

பேட்டரி டர்போவிடம் போய் நின்றாள். "மாப்ள, நீங்க ஒரு வார்த்தை சொன்னா வெளிய எடுபடுமுங்க."

மாப்பிள்ளை பாதிக் கண்ணைத் திறந்தார். "வண்டி பறக்கறப்ப கூப்பிடுங்க. நின்ன இடத்துல வேலை செய்யறது நமக்குப் பழக்கமில்லீங்க."

மேலே ஆடிக்கொண்டிருந்த படிகாரம் தைரியம் சொன்னது. "நான் இருக்கற வரைக்கும் இந்த வீட்டுக்கு ஒரு கெடுதலும் வராது."

"வந்ததே நீங்கதானுங்களே" என்றாள் பேட்டரி, வாய்க்குள்ளேயே.

அமாவாசையன்று மெக்கானிக் தங்கவேலு புதுப் பேட்டரியும் கையுமாக வந்தார். பழையதை எடைக்குப் போட்டுவிடுவதாகப் பேச்சு. மற்றவர்களுக்கென்றால் வயிற்றில் புளி கரையும். அவளுக்கு அமிலம் கலங்கியது.

தங்கவேலு கடமை தவறாதவர். எல்லா ஹோஸையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கயிறு கட்டிய ஹோஸ் அருகே வந்ததும் கையை இழுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "திருஷ்டிக் கயிறுங்க. நாம கை வைக்கக் கூடாது. பேட்டரிதான், சந்தேகமே வேண்டாம்."

பூபதியின் மனைவி சுகந்தி ஓடிவந்தாள். "ஏனுங்க, இருங்க! இன்னைக்கு அமாவாசை. பழைய கல்லை எடுத்துப் போட்டுட்டு அப்புறம் எதை வேணா மாத்துங்க."

அவளே கயிற்றை அறுத்தாள். இழுப்பு விட்டதும் ஹோஸ் துள்ளிப் போய்ப் பழைய இடத்தைக் கவ்விக்கொண்டான்.

"கழட்டறதுக்கு முன்னால கடைசியா ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கண்ணா, சத்தத்தைக் கேட்டுக்கறேன்" என்றார் தங்கவேலு.

பூபதி சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. எஞ்சின் எழுந்து, நடுக்கமே இல்லாமல் ஓடியது. இப்போதாவது புரிந்திருக்கும் என்று பேட்டரி பெருமூச்சு விட்டாள்.

பூபதி இறங்கிவந்து பழைய கல்லைக் கையில் எடுத்தார். "எப்படிக் கருத்துப் போச்சு பாருங்க! அத்தனை கண்ணையும் இதுதான் வாங்கி வெச்சிருக்குது."

"எதிர்வீட்டுக்காரர் பானெட்டையே பாத்துட்டு நின்னாருன்னு அப்பவே சொன்னனில்லீங்க" என்றாள் சுகந்தி.

"அப்ப இதைவிடப் பெருசா ஒண்ணு கட்டிருங்கண்ணா" என்றார் தங்கவேலு.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுகந்தி வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த மாங்காய் அளவு புதுக்கல்லை அதே ஹோஸில், இரட்டை முடிச்சாகவே போட்டுக் கட்டினார் பூபதி. வாய் முழுதாகவே கழன்றுபோன ஹோஸால் கத்தக்கூட முடியவில்லை. முடிச்சு இறுகியதும் எஞ்சின் இருமினான், நடுங்கினான், நின்றான்.

மூன்று பேரும் முதலில் கல்லைக் கும்பிட்டார்கள். பிறகு ஒருசேரத் திரும்பிப் பேட்டரியைப் பார்த்தார்கள்.